டெஸ்க்டாப்பை விட்டு இறங்காத கோப்பு: ஃபைல் லாக்ஸ்மித் பயன்படுத்திய அனுபவம்

கோத்தகிரியில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பக் கடை வைத்திருக்கிறேன். தேயிலை விவசாயிகள் பட்டா, ஆதார், பாஸ்புக் என்று கொண்டுவருவார்கள். ஸ்கேன் செய்து, விண்ணப்பத்தில் ஏற்றியதும் டெஸ்க்டாப்பிலிருந்து அழித்துவிடுவேன். ஒருவருடைய ஆதார் அடுத்து வருகிறவர் கண்ணில் படவே கூடாது, அதில் நான் கறார். அதனால்தான் 'இந்தக் கோப்பு வேறொரு நிரலில் திறந்திருக்கிறது' என்று விண்டோஸ் அடம்பிடித்தால் எனக்குப் பதறும்.

முன்பெல்லாம் ரீஸ்டார்ட்தான் வழி. பழைய ஹார்ட் டிஸ்க் போட்ட மெஷின், எழுந்து வருவதற்குள் கூட்டம் வாசலுக்குப் போய்விடும். 2023 தொடக்கத்தில் மைக்ரோசாஃப்டின் இலவச பவர்டாய்ஸ் தொகுப்பைப் போட்டேன். அதில் ஃபைல் லாக்ஸ்மித் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அழியாத கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்து அதைத் தேர்ந்தெடுத்தால், எந்த நிரல் கோப்பைப் பிடித்து வைத்திருக்கிறது என்று பெயரோடு காட்டும். அங்கேயே அந்த நிரலை நிறுத்தும் பொத்தானும் இருக்கும்.

என் கடையில் பெரும்பாலும் மாட்டுவது பிடிஎஃப் ரீடர். ஜன்னலை மூடியிருப்பேன், நிரல் மட்டும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்தது எக்ஸ்ப்ளோரரின் வலப்பக்க முன்னோட்டப் பலகை. கோப்பைத் திறக்கவே இல்லையே என்று நாம் நினைப்போம், அந்தப் பலகை திறந்து வைத்திருக்கும். ஆல்ட் விசையோடு பி தட்டினால் அது மூடிவிடும். நான் இப்போது அதைத் திறப்பதே இல்லை.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பட்டியலில் உள்ள பெயரைப் படிக்காமல் நிறுத்தாதீர்கள். ஒருநாள் அவசரத்தில் வேர்டை நிறுத்திவிட்டேன். ஒரு பெரியவருக்காக அடித்துக்கொண்டிருந்த மனு, சேமிக்காத பாதி போய்விட்டது. அவர் மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொல்ல அடித்தேன். அவர் முகம் இன்னும் மறக்கவில்லை.

பட்டியல் காலியாக வந்தால் அதே ஜன்னலில் நிர்வாகி உரிமையோடு மறுபடி திறக்கும் வசதி இருக்கிறது. அப்போதும் காலி என்றால் கோப்பை யாரும் பிடித்திருக்க வாய்ப்பு குறைவு, கோளாறு பெயரில் இருக்கலாம். யாரோ கொண்டுவந்த பென்டிரைவிலிருந்து அப்படி ஒன்று வந்தது. பெயரின் கடைசியில் ஓர் இடைவெளி. விண்டோஸ் வழக்கமாகப் பெயரின் கடைசி இடைவெளியையும் புள்ளியையும் வெட்டிவிட்டுத்தான் தேடும், அதனால் 'இந்தக் கோப்பைக் காணவில்லை' என்றது, கண்ணெதிரே ஐகான் இருந்தும். இதற்கு லாக்ஸ்மித் உதவாது. கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் கமாண்ட் பிராம்ப்ட் ஜன்னலில், அழிப்பதற்கான டெல் (del) கட்டளை கொடுத்து, கோப்பின் முழுப் பாதைக்கு முன்னால் \\?\ சேர்த்து, பாதை முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் அடைத்தேன். பெயரை வெட்டாமல் அப்படியே எடுத்துக்கொள் என்று அந்தக் குறிகளுக்குப் பொருள். உடனே போய்விட்டது.

ஐப்பசி மழையில் மரம் சாய்ந்து கரண்ட் போய் வந்த பிறகு அழியாமல் நிற்கும் கோப்புகள் வேறு ரகம். அதற்கு விண்டோஸிலேயே உள்ள செக்டிஸ்க் (chkdsk) ஓட்டி டிஸ்க்கின் பிழைகளைச் சரிசெய்ய வேண்டும். விண்டோஸ் உள்ள டிரைவ் என்றால் அந்தச் சரிசெய்தல் வழக்கமாக ரீஸ்டார்ட்டில்தான் ஓடும், அவசரப்பட முடியாது.

பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் கிராமம்) வரும் ஒரு பாட்டி, வேலை முடிந்தாலும் கிளம்ப மாட்டார். கவுண்டருக்கு மேலே எட்டித் திரையைப் பார்த்து, "என்னோடது அழிச்சாச்சா தம்பி?" என்பார். ஷிஃப்ட்டும் டெலீட்டும் சேர்த்து அழுத்தி, ஐகான் மறைவதைக் காட்டுவேன். "ஆச்சு பாட்டி" என்ற பிறகுதான் பையை மூடுவார்.