கதவு மட்டும்தான் குறை: யுனிமொக் 416, ஆறு வருடப் பாவனைக்குப் பிறகு

என் அக்காவின் மகன் போன வாரம் தொலைபேசியில் கேட்டான்: “மாமா, குருநாகலில ஒரு யுனிமொக் விலைக்கு நிக்குதாம். நானும் ஒண்டு எடுக்கட்டோ?” அவன் கேட்ட நேரம் நல்ல நேரமாக அமையவில்லை. அன்று காலையில்தான் கிராண்ட்பாஸில் உள்ள கராஜில், முதல் தடவையே சரியாகச் செய்திருக்க வேண்டிய ஒரு வேலைக்கு இரண்டாம் தடவையாகக் காசு கட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருந்தேன். ஆகவே அவனுக்குச் சொன்ன பதில் சற்றுச் சூடாக இருந்தது. அதை ஆறவைத்து இங்கே எழுதுகிறேன்.

யுனிமொக் என்பது மேடு பள்ளங்களில் ஓடுவதற்கென்று மெர்சிடிஸ் செய்த லொறி. 2,900 மில்லிமீற்றர் சில்லிடைத் தூரம், ஆறு சிலிண்டர் ஓஎம்352 எஞ்சின், சுருள் வில்கள், சில்லின் நடுவைவிட உயரத்தில் நிற்கும் போர்ட்டல் அச்சுகள் என்பவையெல்லாம் இந்த வண்டியைத் தேடுகிறவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. நான் 2018இன் கடைசியில் வாங்கினேன். இராணுவத்தின் கழிவு ஏலத்தில் எடுத்தவரிடமிருந்து வாங்கிய ஒருவர் அதில் சில காலம் மரக்குற்றி ஏற்றியிருக்கிறார். அவரிடமிருந்து அது எனக்கு வந்தது. தார்ப்பாய் போட்ட தட்டை இறக்கிவிட்டு, இருவர் படுத்துச் சமைத்துக் குளிக்கக்கூடிய ஒரு பெட்டியை 2019இல் ஏற்றினேன். பதிவுப் புத்தகத்தில் பொடி மாற்றத்தைப் பதிவதற்கு அலைந்தது தனிக் கதை. அதை எழுதினால் இரத்த அழுத்தம் கூடும்.

முதலில் செய்த வேலை நிறத்தை மாற்றியது. பச்சை வண்டியோடு வடக்குக்குள் போக எனக்கு மனம் வரவில்லை. பாலாடை நிறம் அடித்தேன். சத்தத்தை மாற்ற முடியவில்லை. நம் ஊர்களில் ‘பவள்’ என்று சொல்லப்பட்ட கவச வாகனம் இதே 416இன் அடித்தளத்தில், இதே எஞ்சினோடு தென்னாபிரிக்காவில் கட்டப்பட்டது என்பது எனக்கு ஏட்டறிவாகத்தான் தெரிந்திருந்தது. பூநகரிக்கு இப்பால் ஒரு வளவு ஓரத்தில் வண்டியை நிறுத்தியபோது, அங்கிருந்த வயதான அம்மா வேலிக்கு இந்தப் பக்கம் வராமல் நின்று, என் மனைவி இறங்கி வந்து கதைக்கும்வரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தண்ணீர் தந்தார். “சத்தம் கேட்டு எழும்பிட்டன் பிள்ளை” என்று மட்டும் சொன்னார். அதன் பிறகு ஊர் மனைகளுக்குப் பக்கத்தில் இரவில் எஞ்சினைப் போடுவதில்லை என்று வைத்திருக்கிறேன்.

இனிக் கதவுக்கு வருகிறேன்.

இந்த வண்டியின் சேசிஸ், அதாவது அடிச்சட்டம், நெளிவதற்கென்றே செய்யப்பட்டது. ஒரு முன்சில்லு மேட்டிலும் அதே பக்கப் பின்சில்லு பள்ளத்திலும் நிற்கும்போது, வில்களோடு சேர்ந்து சட்டமும் முறுகிக் கொடுப்பதால்தான் நான்கு சில்லுகளும் நிலத்தை விடாமல் பிடிக்கின்றன. பழைய தட்டு மேல்மூடி இல்லாதது. அதுவும் முறுகும், போதாததற்கு அதன் தாங்கிகளும் விட்டுக்கொடுக்கும் வகையில் அமைந்திருந்தன. ஒரு தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் இரு விரல்களால் முறுக்கிப் பாருங்கள், எளிதாக முறுகும். அதை உறைக்குள் செருகிவிட்டு முறுக்கினால் முறுகாது. நான் ஏற்றியது உறைக்குள் செருகிய தீப்பெட்டி. அதை வத்தளைப் பக்கத்தில் பஸ் பொடி கட்டும் ஒரு பட்டறை, பஸ்சுக்குச் செய்வதுபோலவே, பக்கத்துக்கு ஐந்து யூ-போல்ட் போட்டுச் சட்டத்தோடு இறுக்கித் தந்தது. வேலை பார்வைக்கு மிக அழகாக இருந்தது. மட்டமான முற்றத்தில் கதவு ஒரு விரலால் தள்ளத் திறந்தது.

முதல் பயணத்திலேயே விசயம் தெரிந்தது. மன்னார் வீதியில் ஒரு குளக்கட்டின் அடியில் நிறுத்தினோம். இடது முன்சில்லு ஒரு வாய்க்கால் விளிம்பில் இறங்கியிருந்தது. நான் வெளியே நாற்காலி விரித்துக்கொண்டிருந்தேன். உள்ளே தேநீர் கொதிக்கும் மணம் வந்தது, பிறகு மனைவியின் குரல் வந்தது: “இஞ்சேருங்கோ, கதவு திறக்குதில்லை.” நான் வெளியிலிருந்து இழுத்தேன், அவர் உள்ளிருந்து தள்ளினார். கதவு அசையவில்லை. கடைசியில் தேநீர் யன்னல் வழியாக வந்தது. நான் குடித்துவிட்டு, அவரை உள்ளே வைத்துக்கொண்டே வண்டியை மூன்றடி பின்னுக்கு எடுத்தேன். சில்லு மட்டத்துக்கு வந்ததும் கதவு தானாகத் திறந்து பக்கச் சுவரில் மோதியது. அன்று சிரித்தோம். 2021 இறுதியில் நாடெங்கும் சமையலறைகளில் எரிவாயு அடுப்புகள் வெடித்த செய்திகள் வரத் தொடங்கியபோது, ஐந்து கிலோ சிலிண்டரோடு ஒரே கதவுள்ள பெட்டிக்குள் தூங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது உறைத்தது. அதற்குப் பிறகு சிரிக்கவில்லை. கூரையில் ஆள் நுழையக்கூடிய அளவில் ஒரு திறப்பை அந்த மாதமே வெட்டினேன்.

எஞ்சினியர் அல்லாதவர்களும் செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை உண்டு. கதவின் நிலையில் மூலைக்கு மூலை இரண்டு விட்டங்களையும் அளவு நாடாவால் அளந்தேன். மட்டமான நிலத்தில் இரண்டும் ஒரே அளவு. பின்சில்லொன்றை ஓர் அடி உயரக் கட்டையில் ஏற்றிவிட்டு அளந்தபோது ஒன்று மற்றதைவிட 11 மில்லிமீற்றர் நீண்டிருந்தது. கதவைச் சுற்றி விடப்பட்டிருந்த இடைவெளியோ 4 மில்லிமீற்றர். பெட்டியில் பெரிய ஓட்டை கதவுதான் என்பதால் சட்டத்தின் முறுக்கம் முழுவதும் அந்த ஓட்டையின் மூலைகளைத்தான் தேடிப் போகும். பட்டறைக்காரர் கதவைச் சீவித் தந்தார். மழை உள்ளே வந்தது. இறப்பர் பட்டி ஒட்டித் தந்தார். கதவு முன்னரைவிட இறுக்கமானது. அதற்கும் சேர்த்துக் கணக்கு எழுதினார்.

அவர் மீது நியாயமாக இருக்க முயல்கிறேன். பஸ் கட்டுகிறவர் பஸ் கட்டினார். பஸ்சின் சட்டம் ஓடும் பாதை வேறு, அதற்கு அந்த முறை சரி. இந்த வண்டியைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவன் நான். வெள்ளைக்காரர்கள் இதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருப்பதைக் கட்டி முடித்த பிறகுதான் வாசித்தேன். ஆனாலும் மூன்றாம் தடவை நான் போனபோது, “நீங்க மட்டமான இடத்தில நிப்பாட்டலாமே” என்று அவர் சொன்னதை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மட்டமான இடத்தில் நிறுத்துவதென்றால் நான் கோட்டலில் அறை எடுத்திருப்பேனே.

பிறகு வந்த இரண்டு வருடங்கள் வண்டி அதிகம் ஓடவில்லை. 2022 ஜூன் இறுதியில் டீசல் லீற்றர் 460 ரூபாவைத் தொட்டது. ஓகஸ்டில் எரிபொருள் பங்கீட்டுக்குக் கியூஆர் முறை வந்தபோது லொறிகளுக்கு வாரம் 50 லீற்றர் என்றார்கள். என் வண்டி லீற்றருக்கு ஐந்து கிலோமீற்றர் ஓடும்; கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறக்குறைய 400 கிலோமீற்றர். போகும் வழியிலேயே ஒரு வாரம் காத்திருந்தால்தான் யாழ்ப்பாணம் போய்ச் சேரலாம் என்ற கணக்கு வந்ததால், மட்டக்குளியில் வாடகை வளவொன்றில் அது சும்மா நின்றது.

கதவு எரிச்சல் மட்டும்தான் என்று நினைத்திருந்த என்னைத் திருத்தியவர் கிராண்ட்பாஸ் கராஜ்கார நானா. சில்லுக் குடமொன்றில் எண்ணெய் கசிகிறது என்று கொண்டுபோயிருந்தேன். (நான்கு குடங்களிலும் தனித்தனிப் பற்சக்கரம், தனித்தனி எண்ணெய், தனித்தனி சீல், வாங்கப் போகிறவர்கள் இதற்கும் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.) வண்டிக்கடியில் படுத்திருந்தவர் கையை மட்டும் நீட்டி டோர்ச் கேட்டார். கடைசி யூ-போல்ட் முடியும் இடத்துக்குச் சற்றுப் பின்னே, சட்டத்தின் கீழ்விளிம்பில், மயிரளவு துருக்கோடு ஒன்று விரலின் ஒரு கணு நீளத்துக்கு ஓடியிருந்தது. “சேர், இவன் நெளியிறதுக்குச் செஞ்சவன். நீங்க கட்டிப் போட்டிருக்கீங்க. கட்டு முடியிற எடத்தில தானே ஒடைவான்” என்றார். பத்து யூ-போல்ட்களும் அழகாகச் செய்திருந்த வேலை அதுதான். வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கோடு நீண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை மனைவியிடம் நான் இன்னும் முழுவதும் சொல்லவில்லை.

அதன் பின் செய்தது மூன்று புள்ளித் தாங்கல். பெட்டிக்கென்று ஒரு தனிச் சட்டம். அது பின்பக்கம் இரண்டு இடத்தில் சேசிஸில் உட்கார்ந்திருக்கும், முன்பக்கம் கபினுக்குப் பின்னால் நடுவில் ஒரேயொரு பெரிய பின்னில் தொங்கும். சேசிஸின் முன்பாதி எப்படி முறுகினாலும் அந்தப் பின்னைச் சுற்றித்தான் திரும்பும். பெட்டிக்கு அது தெரியாது. பின்னுக்கும் புஷ்சுக்கும் நானா என்னை வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்கு அனுப்பினார், லொறியின் வில் ஷேக்கிளுக்குரியவற்றையே வாங்கிவரச் சொன்னார். பழுதானால் எந்த ஊரிலும் கிடைக்க வேண்டும் என்பது அவர் வாதம். வெடிப்பைத் துளையிட்டு நிறுத்தி, வெல்டிங்கில் ஒட்டி, மேலே தகடு கொடுத்தார். மறுபடி சில்லைக் கட்டையில் ஏற்றி விட்டங்களை அளந்தோம். வித்தியாசம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. கதவை நான் பத்துத் தடவையாவது திறந்து மூடியிருப்பேன். நானா தேநீர் குடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

இதற்கும் ஒரு விலை உண்டு. இப்போது பெட்டியும் கபினும் தனித்தனியாக ஆடுவதால், இரண்டுக்கும் இடையில் நான் ஆசையாக வெட்டியிருந்த தவழும் வழியைத் தகடு வைத்து மூட வேண்டியதாயிற்று. ஸ்டியரிங்குக்குப் போக வேண்டுமென்றால் வெளியே இறங்கித்தான் போகலாம். ஒகந்தை முருகன் கோயிலுக்கு இப்பால் தங்கியிருந்த ஓர் இரவில், தனி யானையொன்று வந்து எங்கள் தண்ணீர்த் தாங்கியைத் தும்பிக்கையால் தடவிக்கொண்டு அரை மணி நேரம் நின்றபோது, அந்த மூடிய வழியை நான் மிகவும் நினைத்துக்கொண்டேன்.

எதிர்பாராத சந்தோசத்தையும் சொல்ல வேண்டும். ஜெர்மன் வண்டிக்கு உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும் என்று பயமுறுத்தாதவர் இல்லை. டாடாவும் மெர்சிடிசும் 1954இலிருந்து 1969வரை சேர்ந்து வேலை செய்த உறவின் மிச்சமாக, டாடா பஸ், லொறிகளில் வந்த 697 எஞ்சினும் என் எஞ்சினும் ஒரே 97 மில்லிமீற்றர் சிலிண்டர் துளையும் 128 மில்லிமீற்றர் பிஸ்டன் வீச்சும் கொண்டவை. எல்லாப் பாகமும் மாறிப் பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம், கையில் பழையதை வைத்து ஒப்பிட்டே வாங்க வேண்டும். ஆனால் டீசலில் காற்று ஏறி எஞ்சின் நின்றுபோன ஒரு நாள், பஞ்சிகாவத்தையில் நான் பழைய கைப் பம்பை மேசையில் வைத்தேன். கடைக்காரத் தம்பி அது எந்த வண்டிக்கென்று கேட்கவுமில்லை. பின்னால் இருந்த பெட்டியிலிருந்து பஸ்சுக்குரிய ஒன்றை எடுத்து, இரண்டின் மரையையும் பக்கத்தில் பக்கம் பிடித்துப் பார்த்து, தாளில் சுற்றித் தந்துவிட்டார். அன்று எனக்கு வந்த பெருமிதம், வண்டி வாங்கிய நாளில்கூட வந்ததில்லை. பஸ் கட்டுகிறவரால் நொந்தவனுக்குப் பஸ் பாகமே கைகொடுத்தது.

சூடு, இரைச்சல், 70க்கு மேல் போனால் பக்கத்திலிருப்பவரோடு சைகையில் பேச வேண்டிய நிலை, வெள்ளவத்தை ஒழுங்கைகளில் தாழத் தொங்கும் வயர்கள் ஆகியவை எல்லாருக்கும் உள்ள குறைகள். அவற்றுக்குப் பழகிவிட்டோம்.

கதவுக்குப் பழக முடியவில்லை. கடந்த ஒக்டோபர் மழை தொடங்கி மூன்றாம் நாள், மட்டக்குளி வளவில், தச்சுமட்டம் வைத்துப் பார்த்த மட்டமான கொங்கிரீட் தரையில், கதவு இறுகிக்கொண்டது. சேசிஸ் குற்றமற்றது. விட்டங்கள் சரி. பட்டறைக்காரர் சீவியபோது கதவுப் பலகையின் ஓரத்துக்குப் பூச்சு அடிக்காமல் விட்டிருக்கிறார். பூச்சில்லாத அந்த ஓரம் ஈரத்தைக் குடித்து ஊதியிருக்கிறது. ஆக, முன்னர் மேடு பள்ளத்தில் இறுகிய கதவு இப்போது மழையில் இறுகுகிறது. போன வாரம் நானாவிடம் காசு கட்டியது அலுமினியச் சட்டத்தில் புதுக் கதவு போட்டதற்கு. இது இரண்டாவது கதவு, இரண்டாவது செலவு. இன்னும் மழையைப் பார்க்கவில்லை.

அதனால் மருமகனுக்கு என் பதில்: எடுக்காதே. 2025 பெப்ரவரியிலிருந்து தனியார் வாகன இறக்குமதியும் திறந்திருக்கிறது; ஒரு வான் எடுத்து, பின்னால் மெத்தை போட்டுக்கொண்டு, கதவு திறக்குமா என்று யோசிக்காமல் தூங்கு. அப்படியும் குருநாகலுக்குப் போய்ப் பார்க்கத்தான் போகிறாய் என்றால், ஐந்து மீற்றர் அளவு நாடாவும் டோர்ச்சும் ஓர் அடி உயரக் கட்டையும் கொண்டு போ. தட்டை விட்டுவிட்டு, சட்டத்தின் கீழ்விளிம்பைப் படுத்துப் பார். என்னிடம் கட்டை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்றால் காலை ஆறு மணிக்கு வந்து என்னையும் ஏற்றிக்கொண்டு போ.