நாற்காலி ஆசையும் ஊழிய ஆசையும்

மாற்கு 10:37இல் சீஷர்களான யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் கேட்டது அவருக்குப் பக்கத்தில் இடம்: ஒருவருக்கு வலதுபாரிசம், மற்றவருக்கு இடதுபாரிசம். ரோமர் 15:20இல் பவுல் நாடியது வேலை: கிறிஸ்துவின் நாமம் சொல்லப்படாத இடங்களில் சுவிசேஷம் அறிவிப்பது. ஆசையின் அளவில் பவுல் ஒன்றும் குறைந்தவரல்ல; ஸ்பானியா (ஸ்பெயின்) வரை கணக்குப் போட்டிருந்தார்.

இட ஆசையின் சிக்கல், இருப்பதே இரண்டு நாற்காலி. அதனால்தான் மற்றப் பத்துச் சீஷர்களுக்கும் எரிச்சல் (மாற்கு 10:41). அந்த எரிச்சலையும் தாழ்மைக் கணக்கில் சேர்க்க முடியாது! பெரியவனாக விரும்பாதே என்று இயேசு சொல்லவில்லை. பணிவிடைக்காரனாயிரு என்று வழியைத்தான் மாற்றினார்.

வேலை ஆசைக்குப் போட்டியாளர் இடைஞ்சலே இல்லை. பொறாமையால் பிரசங்கித்தவர்களைக் குறித்தும், கிறிஸ்து அறிவிக்கப்படுகிறாரே என்று பவுல் சந்தோஷப்பட்டார் (பிலிப்பியர் 1:18). ஸ்பானியாவையும் தள்ளிவைத்து, எருசலேம் ஏழைகளுக்கான பணத்தை முதலில் கொண்டுபோனார்.

சபைக் கமிட்டிக்கு நிற்பவர் தன்னைச் சோதிக்க ஒரு கேள்வி போதும்: தோற்றால், அடுத்த ஞாயிறும் ஓய்வுநாள் பள்ளி வகுப்பை எடுப்பேனா?

ஒதுங்கி நிற்பதெல்லாம் தாழ்மையும் அல்ல. இயேசுவின் உவமையில், எஜமான் ஒப்படைத்த தாலந்தை, அதாவது பணத்தை, புதைத்தவன் சொன்ன காரணம் பயம் (மத்தேயு 25:25). 1 தீமோத்தேயு 3:1 கண்காணிப்பை (சபையை நடத்தும் பொறுப்பை) விரும்புவதை நல்லவேலையை விரும்புவது என்கிறது. உடனே ஆறு வசனங்களில் தகுதிகளை அடுக்குகிறது. மதுபானம், பண ஆசை, வீட்டை நடத்தும் விதம் எல்லாம் அதில் உண்டு. புதிதாக விசுவாசத்துக்கு வந்தவர் இறுமாப்படையக்கூடும் என்பதால் அவருக்கு அந்தப் பொறுப்பு கூடாது.