ட்ரைபாடா, ஸ்டெபிலைசேஷனா: சிற்பமும் நிலக்காட்சியும் எடுப்பவருக்கு ஓர் ஒப்பீட்டு அலசல்

சிற்பங்களையும் நிலக்காட்சிகளையும் பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் ஒருவர், ஓரளவு கைப்பழக்கம் வந்தபிறகு, சேர்த்து வைத்த பணத்தை எதில் போடுவது என்ற கேள்விக்கு வந்து நிற்பார். படத்தைப் பதிவு செய்யும் சென்சாரையே அசைத்துக் கைநடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசேஷன் உள்ள புதிய கேமராவை வாங்கலாம். அல்லது இருக்கும் கேமராவையே வைத்துக்கொண்டு, உறுதியான ஒரு ட்ரைபாடும் (கேமராவை நிறுத்தும் முக்காலி), அதன்மேல் கேமராவைப் பொருத்தித் திருப்ப உதவும் நல்லதொரு ஹெட்டும் வாங்கலாம். நான் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தேன். முதலாவதையும் நண்பரிடம் இரவல் வாங்கிக் கணிசமான காலம் பயன்படுத்தியிருக்கிறேன். இந்த இரண்டு வகைப் படங்களை மட்டும் மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பறவை, விளையாட்டு, குழந்தைகள், வீடியோ என்று போனால் கணக்கு வேறு.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ட்ரைபாட் கனக்கும்; விரித்து நிறுத்த நேரம் பிடிக்கும்; கூட்டமான இடத்தில் பிறர் காலில் இடறும். ஸ்டெபிலைசேஷன் கேமராவுக்குள்ளேயே இருப்பதால் தனிச்சுமை இல்லை, நின்ற இடத்தில் நினைத்த நொடியில் எடுக்கலாம். வசதியை மட்டும் வைத்துப் பார்த்தால் இங்கே போட்டியே இல்லை.

அதன் திறனையும் குறைத்துச் சொல்வதற்கில்லை. லென்ஸுக்குள் ஒரு கண்ணாடித் தொகுதியை அசைத்து நடுக்கத்தைச் சரிசெய்யும் முறை, 1995-இல் கேனானின் 75-300 மி.மீ. லென்ஸோடு, லென்ஸை மாற்றிக்கொள்ளும் எஸ்எல்ஆர் கேமராக்களுக்கு வந்தது. சென்சாரையே நகர்த்தும் முறையை மினோல்டா 2003-இல் டிமாஜ் ஏ1 கேமராவில் கொண்டுவந்தது. ஐந்து அச்சுகளில் (மேல்-கீழ், இட-வல நகர்வுகள் இரண்டு, சாய்வும் சுழற்சியும் மூன்று) சரிசெய்யும் திறன் 2012-இல் ஒலிம்பஸின் இ-எம்5 கேமராவில் வந்தது. 50 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் 1/50 நொடிக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது பழைய கணக்கு. ஒரு ஸ்டாப் என்பது ஷட்டர் திறந்திருக்கும் நேரம் இரட்டிப்பாவது; ஐந்து ஸ்டாப் ஸ்டெபிலைசேஷன் இருந்தால், 1/60 நொடியில் எடுக்க வேண்டிய படத்தை அரை நொடி வரை கொண்டுபோகலாம். ஐஎஸ்ஓ எனும் ஒளியுணர்திறன் அளவை 3200-இல் வைக்க வேண்டிய இருட்டறையில் ஐஎஸ்ஓ 100 போதும். மங்கலான மண்டபத்துக்குள் மரவேலைப்பாட்டின் நுண்ணிழைகளை இரைச்சல் (படத்தில் தெரியும் புள்ளிக் கறை) இல்லாமல் பதிவு செய்ய விரும்புகிறவருக்கு இது பெரிய வரம்தான். ட்ரைபாடின் வேலை நடுக்கத்தைத் தடுப்பது மட்டும்தான் என்றால், நான் இந்த இடத்திலேயே கேமராவின் பக்கம் சாய்ந்திருப்பேன்.

என் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று. சட்டகம், அதாவது படத்துக்குள் அடங்கும் காட்சி, இம்மியும் நகராமல் நிற்க, வெளிச்சம் மட்டும் மாற வேண்டும் என்ற தேவை அது. ஒளிப்படத்தைப் பொறுத்தவரை, சிற்பமும் நிலக்காட்சியும் ஒரே சிக்கலின் சிறிய வடிவமும் பெரிய வடிவமுமாகும். இரண்டுமே மேடுபள்ளம் நிறைந்த பரப்புகள். அவை தட்டையான படமாக மாறும்போது, ஆழத்தைக் கண்ணுக்கு உணர்த்தும் பொறுப்பில் பெரும்பகுதி நிழலின் மேல் விழுகிறது. எவ்வளவு ஆழமாகச் செதுக்கிய உருவமும், கேமராவின் பக்கமிருந்தே விழும் நேர் வெளிச்சத்தில் காகிதத்தில் அச்சடித்ததுபோலத் தெரியும். பரப்பிலிருந்து ஒரு சென்டிமீட்டர் எழுந்து நிற்கும் விளிம்பு, 45 பாகைச் சாய்வில் வரும் ஒளியில் ஒரு சென்டிமீட்டர் நீள நிழலை விடுகிறது. ஒளி 15 பாகைக்கு இறங்கினால் அந்த நிழல் 3.7 சென்டிமீட்டராகிறது; 10 பாகைக்கு இறங்கினால் ஐந்தரை சென்டிமீட்டரைத் தாண்டிவிடுகிறது. அதாவது, ஒளி தாழ்ந்து வரும்போது ஐந்து பாகை வித்தியாசமே ஒரு படத்தை வேறு படமாக்கிவிடும்.

மரப்பலகையில் செதுக்கிய ஒரு முகத்தை எடுத்துக்கொள்வோம். கேமராவை ட்ரைபாடில் நிறுத்திவிட்டு, ஒரு சிறிய எல்இடி விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு அதைச் சுற்றி வரலாம். விளக்கை இடப்பக்கம் தாழப் பிடித்தால் கன்னத்தில் உளித்தடங்கள் வரிவரியாக எழுந்து நிற்கும். இமையின் கீழ்விளிம்பு மெல்லிய கோடாகத் துலங்கும். ஆனால் மூக்கின் நிழல் வலக்கன்னத்தை மொத்தமாக விழுங்கிவிடும். சற்று உயர்த்தினால் வலக்கன்னம் மீண்டு வரும், உளித்தடமோ கரைந்து போகும். நேர் மேலே கொண்டுபோனால் கண்குழிகள் இருண்டு, செதுக்கியவர் கொடுக்காத ஒரு கடுமை முகத்தில் ஏறிவிடும். கீழிருந்து பிடித்தால் இன்னொரு விபரீதம் நேரும்: வெளிச்சம் மேலிருந்துதான் வரும் என்று எடுத்துக்கொள்ளும் பழக்கம் நம் பார்வைக்கு இருப்பதால், புடைப்புச் சிற்பத்தின் மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் புரண்டு தெரியக்கூடும். இவற்றுள் எது அந்த முகத்துக்கு நியாயம் செய்கிறது என்பதை, சட்டகம் மாறாமல் எடுத்த படங்களை அடுத்தடுத்துப் புரட்டிப் பார்த்தால்தான் முடிவு செய்ய முடியும்.

கையில் கேமராவைப் பிடித்திருப்பவருக்கு விளக்கைப் பிடிக்க நிதானமான கை மிஞ்சுவதில்லை. ஒருவாறு சமாளித்து எடுத்தாலும், ஒவ்வொரு படத்துக்கும் இடையே கேமரா சில மில்லிமீட்டர் இடம் மாறியிருக்கும். மென்பொருள் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திக் கொடுக்காதா என்று கேட்கலாம். தட்டையான பரப்பாக இருந்தால் கொடுக்கும். புடைப்புச் சிற்பத்தில் கேமரா இடம் மாறும்போது, மூக்கின் ஒரு பக்கம் கூடுதலாகத் தெரிந்து மறுபக்கம் மறைகிறது. மறைந்துபோனதை எந்த மென்பொருளும் நகர்த்தி வைத்துவிட முடியாது. ட்ரைபாடில் எடுத்த படங்களில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு படத்தின் உளித்தடத்தையும் இன்னொரு படத்தின் கன்னத்தையும் அடுக்குகளாக வைத்து, வேண்டிய அளவுக்கு மட்டும் கலந்துகொள்ளலாம். வழவழப்பாக மெருகேற்றிய மரத்தில் விளக்கின் பிரதிபலிப்பு விழும்போது இந்த வழி கைகொடுப்பதைப்போல வேறெதுவும் எனக்குக் கைகொடுத்ததில்லை.

இது ஒளிப்படக் கலையின் பிள்ளைப்பருவத்திலேயே உணரப்பட்ட விஷயம். காகித நெகட்டிவ் முறையைக் கண்டுபிடித்த ஹென்றி ஃபாக்ஸ் டால்பட், 1840-களில் பட்ரோக்ளஸ் என்ற பிளாஸ்டர் மார்பளவுச் சிலையைத் திரும்பத் திரும்ப, வெவ்வேறு கோணங்களிலும் வெவ்வேறு ஒளியிலும் படம் எடுத்தார். நீண்ட நேரம் அசையாமல் இருக்கக்கூடியது என்பதால் சிலை அவருக்கு வசதியான பொருளாக இருந்தது. அதைவிட முக்கியமாக, ஒரே சிலையிலிருந்து எத்தனை வேறுபட்ட படங்கள் பிறக்கும் என்பதை அது காட்டியது. 2001-இல் ஹெச்பி ஆய்வகத்தில் டாம் மால்ஸ்பெண்டரும் அவருடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட முறை இதே எண்ணத்தைக் கணினிக்குக் கொண்டுபோனது. கேமராவை அசையாமல் வைத்து, விளக்கைப் பொருளைச் சுற்றி அரைக்கோள வடிவில் பல இடங்களில் பிடித்து எடுத்த படங்களை ஒன்றிணைத்தால், திரையில் வெளிச்சத்தின் திசையை நாம் விரும்பியபடி மாற்றிப் பார்க்கலாம். ஆர்டிஐ (Reflectance Transformation Imaging) என்று இன்று அழைக்கப்படும் இம்முறையைக் கல்வெட்டுகளையும் நாணயங்களையும் ஆராய்கிறவர்கள் பயன்படுத்துகிறார்கள். பளபளப்பான கறுப்புக் கோளம் ஒன்றைப் பொருளின் அருகில் வைத்தால், அதில் தெரியும் ஒளிப்புள்ளியிலிருந்து விளக்கு இருந்த திசையைக் கணிக்க முடியும் என்பதால், விலையுயர்ந்த கருவி ஏதும் இல்லாமலே இதைச் செய்து பார்க்கலாம். கேமராவும் பொருளும் மட்டும் கொஞ்சமும் நகரக் கூடாது.

சிற்பத்தை நெருங்கிப் போகும்போது ஸ்டெபிலைசேஷனுக்கு இன்னொரு சோதனை காத்திருக்கிறது. தூரத்துப் பொருளை எடுக்கையில் கேமராவின் கோணம் ஆடுவதுதான் படத்தைக் கெடுக்கிறது. நெருக்கத்தில் கேமரா பக்கவாட்டில் நகர்வதும் அதே அளவு கெடுக்கிறது. இரண்டையும் சரிசெய்வதற்காகவே கேனான் 2009-இல் கொண்டுவந்த 100 மி.மீ. மேக்ரோ லென்ஸில்கூட, வழக்கமான தூரத்தில் 4 ஸ்டாப்பாக இருக்கும் பலன், பொருள் அதன் முழு அளவிலேயே சென்சாரில் விழும்படி எடுக்கும்போது 2 ஸ்டாப்பாகக் குறைகிறது என்று அந்த நிறுவனமே குறிப்பிடுகிறது. மேலும், ஐந்து அச்சு என்று சொல்லும்போது அதில் முன்னும் பின்னும் ஆடுவது சேராது. 35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ள ஃபுல்ஃபிரேம் கேமராவில், பொருளின் பாதி அளவு சென்சாரில் விழும்படி எஃப்/8 என்ற லென்ஸ் திறப்பில் எடுத்தால், கூர்மையாகப் பதியும் ஆழம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான். நின்றபடி மூச்சு விடும்போதே நம் உடல் அதைவிட அதிகமாக முன்பின் ஆடுகிறது. ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்கள் எடுத்து இணைக்கும் ஸ்டாக்கிங் முறையைக் கையில் பிடித்தபடியே வேகமாகச் செய்யும் கேமராக்கள் இப்போது இருக்கின்றன. பூச்சிகளுக்கு அது நன்றாக அமைவதைப் பார்த்திருக்கிறேன். சிற்பங்களில் நான் அதை அதிகம் சோதித்ததில்லை என்பதால் அதற்கு மேல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

நிலக்காட்சிக்கு வந்தால், விளக்கு நம் கையில் இல்லை என்பது ஒன்றே வேறுபாடு. சூரியன் மணிக்கு 15 பாகை வானில் நகர்கிறது. அது அடிவானத்துக்கு மேல் 10 பாகையில் இருக்கும்போது, 100 மீட்டர் உயரக் குன்றின் நிழல் சமதரையில் 560 மீட்டருக்கு மேல் நீண்டு கிடக்கும். 25 பாகைக்கு ஏறியதும் அது 215 மீட்டருக்குச் சுருங்கிவிடும். இடையில் இருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் வரப்புகள், பாறை மடிப்புகள், மணலின் அலைவரிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து அடங்குகின்றன. ட்ரைபாட் இருந்தால் முதலில் சட்டகத்தை முடிவு செய்துவிடலாம்: ஓரத்தில் நீட்டும் கிளையை ஒதுக்கி, முன்புறக் கல்லுக்கும் கீழ்விளிம்புக்கும் இடையே போதிய இடம் விட்டு, அடிவானத்தை மட்டம் பார்த்து நிறுத்திவிடலாம். பிறகு கண்ணை வ்யூஃபைண்டரிலிருந்து எடுத்துவிட்டு மேகம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், வெளிச்சம் விழும் கணத்தில் பொத்தானை அழுத்துவதைத் தவிர வேறு வேலை இராது. கையில் பிடித்திருப்பவர் ஒவ்வொரு முறையும் புதிதாகச் சட்டகம் அமைக்கிறார். வெளிச்சம் வரும் கணத்தில் அவருடைய கவனம் ஓரங்களைச் சரிபார்ப்பதில் செலவாகிறது. வானத்துக்கு ஒன்றும் தரைக்கு ஒன்றுமாக எடுத்த படங்களை இணைப்பதும், நீரோட்டத்தைப் பல நொடிகள் திறந்த ஷட்டரில் பதிவு செய்வதும் ட்ரைபாடில் இயல்பாக நடப்பவை. காற்றில் ஆடும் இலைகளுக்கு மட்டும் இரண்டுமே மருந்தாகாது. பலத்த காற்றில் ட்ரைபாடே அதிரும்.

ஸ்டெபிலைசேஷன் தெளிவாக வெல்லும் இடங்களும் இருக்கின்றன. பல அருங்காட்சியகங்களில் ட்ரைபாடுக்கு அனுமதி கிடையாது; அங்கே சென்சாரின் உதவி ஒன்றுதான் கைவசம் இருக்கும். ஒருவருடைய சிற்பப் படங்களில் பெரும்பகுதி அப்படிப்பட்ட கூடங்களில் எடுக்கப்படுவதாக இருந்தால், அங்கே வெளிச்சத்தை மாற்றும் உரிமையும் அவருக்கு இல்லை என்பதால், என் வாதத்தின் அடிப்படையே அவருக்குப் பொருந்தாது. அவர் தயங்காமல் கேமராவையே வாங்கலாம். கால் ஊன்ற இடமில்லாத சரிவுகளில் ஏறி எடுப்பவருக்கும், நெடுந்தூரம் நடந்து போகிறவருக்கும் இதையே சொல்வேன். நான் பயன்படுத்திய கேமரா சற்று முந்தைய தலைமுறையைச் சேர்ந்தது; எட்டு ஸ்டாப் என்று விளம்பரம் செய்யப்படும் இன்றைய கேமராக்களில் கையால் எடுக்கும் படங்கள் இன்னும் கூர்மையாக அமையக்கூடும். ஆனால் அந்த எண்கள் எல்லாம் ஆய்வகத்தில் வரையறுத்த முறைப்படி ஆட்டிப் பார்த்து அளந்தவை. சிற்பத்தை ஒட்டி நின்று எடுக்கும்போது அதே பலனை எதிர்பார்க்கக் கூடாது.

ட்ரைபாட் வாங்குவது என்று முடிவு செய்தவர் கால்களைவிட ஹெட்டில் கூடுதல் கவனம் செலுத்துவது நல்லது. பந்து வடிவ ஹெட் வேகமானது. ஆனால் ஒரு பக்கம் சரிசெய்யும்போது மறுபக்கமும் சேர்ந்து நழுவும். செதுக்கிய பலகையின் நான்கு விளிம்புகளும் சட்டகத்துக்கு இணையாக நிற்க வேண்டுமென்றால், ஒவ்வொரு அச்சையும் தனித்தனியே திருகும் கியர் ஹெட் தரும் நிம்மதியே தனி. நடுத்தண்டை உயர்த்தாமலே கண்மட்டத்துக்கு வரும் உயரம் இருக்க வேண்டும். தண்டு உயர உயர உறுதி குறைகிறது. பொத்தானை அழுத்தும் அதிர்வு அடங்க இரண்டு நொடி டைமர் போதும். மணலிலோ உப்புநீரிலோ நிறுத்தினால், அன்றே நல்ல நீரில் கழுவி, கால்களை நீட்டி உலர வைக்க வேண்டும். பராமரிப்பு என்று பார்த்தால் பெரும்பாலும் அவ்வளவுதான். அடுத்த மாடல் வந்ததும் கேமராவின் மறுவிற்பனை மதிப்பு சரிகிறது; நல்ல ட்ரைபாட் பல கேமராக்களுக்கு ஈடுகொடுத்து நிற்கும்.

ஸ்டெபிலைசேஷன் உள்ள கேமரா ஏற்கெனவே கையில் இருப்பவருக்கு, இந்த ஒப்பீட்டில் பாதிச் செலவு முன்பே முடிந்துவிட்டது. அவருக்கு நான் சொல்வது, மேசைமேல் நிற்கும் குட்டி ட்ரைபாட் ஒன்றையும் கையடக்க விளக்கு ஒன்றையும் முதலில் வாங்கி, வீட்டில் இருக்கும் ஏதாவது ஒரு சிறு செதுக்குருவத்தை இரவில் பல திசை வெளிச்சத்தில் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான். ட்ரைபாடில் ஏற்றியதும் ஸ்டெபிலைசேஷனை அணைத்துவிட வேண்டும்; பழைய கேமராக்கள் சிலவற்றில், இல்லாத நடுக்கத்தைத் தேடி சென்சார் மெல்ல நகர்ந்து படத்தை மங்கலாக்கிவிடும். அந்தப் படங்களைப் பார்த்தபின் பெரிய ட்ரைபாட் தேவையா இல்லையா என்பதை அவரே முடிவு செய்துகொள்ளலாம்.