ஆறு ஆண்டுகளாக வீட்டில் ஒரு மைக்ரோடிக் ஹெக்ஸ்

2019 கோடையில், மதுரையில் உள்ள எங்கள் மாடி வீட்டில், இணைய நிறுவனம் கொடுத்த ஒரே பெட்டி ஃபைபர் இணைப்பு, ரவுட்டர், வைஃபை ஆகிய மூன்று வேலைகளையும் சுமந்துகொண்டிருந்தது. மாலையில் கை வைத்தால் சுடும். நாளுக்கு இரண்டு முறையாவது அணைத்துப் போட வேண்டும். அப்போது வைஃபையோடு சேர்ந்து, கம்பியில் இணைந்த கணினியும் துண்டிக்கப்படும். அந்தப் பெட்டியை, ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை அப்படியே கடத்தும் பிரிட்ஜ் முறைக்கு மாற்றித் தரச் சொல்லி, இணையத்தில் நுழைவதற்கான பிபிபிஓஇ பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கிக்கொண்டு, லாட்வியா நாட்டு மைக்ரோடிக் நிறுவனத்தின் ஹெக்ஸ் (ஆர்பி750ஜிஆர்3) என்ற, வைஃபையே இல்லாத ரவுட்டரை அதன் பின்னால் வைத்தேன். வைஃபைக்காக, கீழ்த்தளத்தில் ஒன்றும் மாடியில் ஒன்றுமாக இரண்டு அக்சஸ் பாயின்ட்கள் (வைஃபையை மட்டும் பரப்பும் பெட்டிகள்). அவற்றில் ஒன்றை இதற்கிடையில் மாற்றியாயிற்று; ஹெக்ஸ் அதே அலமாரியில்தான் இருக்கிறது.

உள்ளங்கை அளவுப் பெட்டி, விசிறி கிடையாது. 880 மெகாஹெர்ட்ஸ் இரட்டைக் கோர் மீடியாடெக் செயலி, 256 எம்பி நினைவகம், ஐந்து ஜிகாபிட் போர்ட்கள். ஆனால் எங்கள் ஊர் நிலைமையில் இவற்றையெல்லாம்விட எனக்குப் பயன்பட்டது, பலர் படிக்காமல் கடந்துவிடும் ஒரு வரி: இது 8 முதல் 30 வோல்ட் வரை எந்த டிசி மின்சாரத்தையும் ஏற்கும். உடன் வருவது 24 வோல்ட் அடாப்டர் என்றாலும், ஃபைபர் பெட்டிக்கென வாங்கிய 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸிலேயே இதையும் மாட்டிவிட்டேன். மின்தடையின்போது வீட்டு இன்வெர்ட்டர் மாறுகிற அந்த நொடியில் பழைய பெட்டி அணைந்து, மீண்டும் எழுந்து இணைப்புப் பெற மூன்று நிமிடமாவது ஆகும். இப்போது அது நேர்வதில்லை.

அடுத்தது மென்பொருள். வீட்டு ரவுட்டர்கள் பலவற்றுக்கு விற்ற சில ஆண்டுகளிலேயே புதுப்பிப்பு நின்றுவிடுகிறது. பெட்டி ஓடிக்கொண்டிருந்தாலும் அதன் வாசல் திறந்தே கிடக்கும். நான் மைக்ரோடிக்கின் இயங்குதளமான ரவுட்டர்ஓஎஸ் 6-இல் தொடங்கி, 2022-இல் அதே கருவியில் 7-க்கு மாறினேன். ஒரு பைசா கூடுதலாகக் கட்டவில்லை. மைக்ரோடிக் என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். வின்பாக்ஸ் எனும் நிர்வாக வழியில் இருந்த ஓட்டை 2018 ஏப்ரலில் 6.42.1 பதிப்பில் அடைக்கப்பட்ட பிறகும், புதுப்பிக்காமல் விடப்பட்ட ரவுட்டர்கள் உலகெங்கும் இரண்டு லட்சத்துக்கு மேல் கைப்பற்றப்பட்டன. ஆகவே வாங்கிய அன்றே கடவுச்சொல் வைத்து, வெளியிலிருந்து நிர்வாகப் பக்கத்துக்கு வரும் வழி அடைபட்டிருக்கிறதா என்று பார்த்து, மாதம் ஒருமுறை புதுப்பிப்பைச் சரிபார்க்கிறேன். சேமிப்பிடம் 16 எம்பி மட்டுமே என்பதால் கூடுதல் தொகுப்பு எதையும் ஏற்றுவதில்லை.

எங்கள் இணைப்பு 100 எம்பிபிஎஸ். வேகம் போதுமானதுதான், ஆனாலும் யாராவது கைப்பேசிப் படங்களை மேலே ஏற்றத் தொடங்கினால், அப்பாவின் மருத்துவரோடான வீடியோ அழைப்பு திக்கித் திக்கி நின்றது. பெட்டிக்குள் பாக்கெட்டுகள் (தரவின் சிறு துண்டுகள்) வரிசையில் தேங்குவதே காரணம். ரவுட்டர்ஓஎஸ் 7-இல் வந்த கேக் என்ற வரிசை முறையை இரு திசையிலும் 90 எம்பிபிஎஸ் வரம்போடு அமைத்த பின், நெரிசல் நேரத்தில் 300 மில்லிநொடியைத் தாண்டிக்கொண்டிருந்த பிங் (செய்தி போய்த் திரும்பும் நேரம்) 30-ஐ ஒட்டி நின்றது. அன்று மாலை அப்பா குரல் உயர்த்தாமல் பேசி முடித்ததைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே நிறைவாக இருந்தது. இதற்கு ஃபாஸ்ட்டிராக் என்ற குறுக்குவழியை அணைக்க வேண்டும். அதை விட்டுவிட்டால் பெரும்பாலான போக்குவரத்து வரிசைக்குள் வராமலே போய்விடும்.

ரவுட்டரைக் குறை சொல்லும் முன் கேபிளைப் பாருங்கள். மாடி அறைக் கணினிக்கும் கீழே உள்ள சேமிப்புக் கருவிக்கும் இடையே கோப்புகள் மெதுவாகவே நகர்ந்தன. ஹெக்ஸின் போர்ட் நிலவரப் பக்கத்தில் அந்த வழி மட்டும் 1 ஜிபிபிஎஸ்ஸுக்குப் பதில் 100 எம்பிபிஎஸ் என்று காட்டியது. கேபிளின் ஆர்ஜே45 முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தபோது, நீலக் கம்பி ஒன்று உலோகப் பல்லைத் தொடாமல் ஒரு மில்லிமீட்டர் முன்னரே நின்றிருந்தது. நூறுக்கு இரண்டு ஜோடிக் கம்பிகள் போதும். ஜிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். புது முனை போட்டதும் சரியாயிற்று. செம்பு பூசிய அலுமினியக் கேபிளைச் சுவருக்குள் இழுக்காதீர்கள், முழுச் செம்பையே கேட்டு வாங்குங்கள்.

எல்லோருக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். அமைப்புப் பக்கங்கள் அடர்த்தியானவை. தொடக்க அமைப்பு வேலையை முடித்தாலும், அதற்கு மேல் போக ஒரு வார இறுதியைச் செலவழித்துக் கற்க வேண்டும். அதற்கு மனமில்லாதவர்களுக்கும், இரண்டு இணைய இணைப்புகளை ஒன்றாக வைத்திருப்பவர்களுக்கும் டிபி-லிங்க் இஆர்605 எளிதாக இருக்கும். இன்று ஹெக்ஸ் வாங்குவதானால், 512 எம்பி நினைவகத்தோடு 2024-இல் வந்த புதிய பதிப்பையே எடுப்பேன். எங்கள் இணைப்பு 500 எம்பிபிஎஸ்ஸுக்கு உயர்ந்தால், கேக் வரிசையோடு அந்த வேகத்தைச் சுமக்க இந்தப் பழைய செயலியால் முடியாது. அப்போது இதை மாடிக்கு அனுப்பி ஐந்து போர்ட் சுவிட்சாக வைத்துக்கொள்வதாக இருக்கிறேன்.