எட்டு வருஷமாகக் குழாய்த் தண்ணீர்தான் குடிக்கிறோம்

2017-இல் எங்கள் வீட்டுக்கு நல்ல தண்ணீர் இணைப்பு வந்தது. அம்பாசமுத்திரத்துக்கும் திருநெல்வேலிக்கும் நடுவே, தாமிரபரணியை ஒட்டிய சின்ன ஊர். ஆற்று மணலில் இறக்கிய உறைகிணற்றிலிருந்து எடுத்து, குளோரின் கலந்து, மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றி, ஒரு நாள் விட்டு ஒரு நாள் காலை ஐந்தரைக்குத் திறந்துவிடுவார்கள். குளிக்க, துவைக்க போர் தண்ணீர் தனியாக உண்டு. அதில் பருப்பு வேகாது, வாளியில் வெள்ளையாகப் பொருக்கு தட்டும். குழாய்த் தண்ணீரில் பருப்பு இரண்டு விசிலில் மலர்ந்துவிடும். சமையல் செய்கிறவர்களுக்கு இதைவிடப் பெரிய சான்றிதழ் தேவையில்லை.

இருந்தாலும் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வாங்கி அளந்தேன். போர் லிட்டருக்கு 1,300 மில்லிகிராம் சொச்சம். குழாய் 140-க்கும் 190-க்கும் நடுவில். இந்தியக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500 நல்லது என்று வைத்திருக்கும் அளவு 500. ஆக உப்புக் கணக்கில் ஆற்றுத் தண்ணீரை அடிக்க ஆளில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஃபில்டர் விற்கும் ஒரு தம்பி வந்தார். இரண்டு கண்ணாடி டம்ளர். ஒன்றில் எங்கள் குழாய்த் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை இறக்கி ஸ்விட்சைப் போட்டார். எங்கள் டம்ளர் மஞ்சளாகி, பச்சையாகி, கடைசியில் வாறுகால் (சாக்கடை) தண்ணீர் போலக் கலங்கிவிட்டது. அவருடையது அப்படியே பளிச்சென்று இருந்தது. "பாத்தீங்களா ஆச்சி, இதத்தான் இத்தன நாளா குடிச்சிருக்கீங்க" என்றார். ஆச்சிக்கு முகம் வெளுத்துவிட்டது. நான் உள்ளே போய் ஒரு சிட்டிகை கல்லுப்பை எடுத்துவந்து அவருடைய டம்ளரில் போட்டுக் கலக்கி, "இப்பப் போடுங்க தம்பி" என்றேன். அதுவும் அதே கதிக்கு வந்தது. விஷயம் இவ்வளவுதான்: உப்பு கலந்த தண்ணீரில் மின்சாரம் பாயும், கம்பியில் உள்ள இரும்பு கரைந்து துருவாக மிதக்கும். தண்ணீரின் அழுக்கு அல்ல அது, கம்பியின் துரு. தம்பி ஒன்றும் பேசாமல் பையைக் கட்டினார்.

அப்படி விரட்டிவிட்ட நானே பிறகு உப்பையும் வடிகட்டும் ஆர்.ஓ. ஃபில்டர் வாங்கினேன் என்பது வேறு கதை. 2023 டிசம்பர் 17, 18 மழையை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. ஆறு கரை தாண்டி உறைகிணறுகளை மூழ்கடித்ததில் ஒன்பது நாள் குழாயில் சொட்டு இல்லை. பத்தாம் நாள் வந்தது செம்மண் கரைசல். ஆச்சி பழைய பழக்கப்படி குடத்தின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரைத்து வைத்தாள். மறுநாள் காலையில் மண் அடியில் படிந்து, மேல் தண்ணீர் கண்ணாடி போல இருந்தது. ஆனால் தெளிவாக இருந்தால் சுத்தமாகிவிடுமா? கிருமி கண்ணுக்கா தெரியும்? அந்தப் பயத்தில்தான் ஆர்.ஓ. வாங்கினோம்.

ஒன்றரை வருஷம் ஓட்டினோம். ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் வெளியே போனது. ருசி சப்பென்று இருந்தது. 190 டி.டி.எஸ். தண்ணீரை 20-க்கு இறக்கி என்ன சாதித்தோம் என்று இப்போது யோசிக்கிறேன். 500-க்குக் கீழே உள்ள தண்ணீருக்கு ஆர்.ஓ. வேண்டாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2019-லேயே சொல்லியிருக்கிறது. ஆச்சி ஆர்.ஓ. தண்ணீரைத் தொடவே இல்லை. குழாயிலிருந்து நேராகச் செம்புக்குடத்தில் பிடித்துத்தான் குடித்தாள்.

அப்புறம் ஆச்சிக்கு ஒரே மாதத்தில் இரண்டு முறை வயிற்றுப்போக்கு. ஊரில் வேறு யாருக்கும் இல்லை. மலக்கிருமி இருந்தால் கறுத்துப்போகும் மருந்து போட்ட சின்ன பாட்டில்கள் கிடைக்கும். இரண்டு வாங்கினேன். ஒன்றில் தெருமுனை நல்லித் தண்ணீர், மற்றதில் எங்கள் வீட்டு நல்லித் தண்ணீர். மூடி, அலமாரியில் வைத்தேன். மறுநாள் சாயங்காலம் தெருமுனைத் தண்ணீர் அப்படியே இருந்தது. எங்களுடையது மை போலக் கறுத்துவிட்டது.

தண்ணீர் திறந்துவிடும் அண்ணாச்சி வந்து பார்த்தார். "மோட்டார நேரா லைன்லயா கொடுத்திருக்கியோ?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. கொடுத்திருந்தோம். தெருவில் பாதிப் பேர் கொடுத்திருக்கிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு நாங்களும் கொடுத்திருந்தோம். வாசலைத் தோண்டினோம். மெயின் லைனிலிருந்து வீட்டுக்கு வரும் இரும்புக் குழாய் வாறுகாலுக்குள்ளேயே ஐந்தடி ஓடுகிறது, வளைவில் துருப்பிடித்துச் சுண்டுவிரல் நுழையும் ஓட்டை. மோட்டார் இழுக்கும்போது குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, வாறுகால் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சியிருக்கிறது. ஆறும் தொட்டியும் மெயின் லைனும் ஒழுங்கு. கோளாறு எங்கள் வீட்டுக் காசில் நாங்களே போட்ட கடைசி முப்பதடியில்.

கறுப்பு ஹெச்.டி.பி.இ. பிளாஸ்டிக் குழாயை வாறுகாலுக்கு மேலே தூக்கிப் போட்டு, மோட்டாரைக் கழற்றி, தரைத் தொட்டி ஒன்று கட்டினோம். தண்ணீர் தானாக அதில் விழும், அதிலிருந்து மோட்டார் எடுக்கும். குடிக்கிற தண்ணீரை மட்டும் தொட்டிக்கு முன்னால் வாசல் நல்லியிலேயே பிடித்துவிடுகிறோம். பாட்டில் சோதனை அதன்பின் மூன்று முறை செய்தேன், கறுக்கவில்லை. தண்ணீரில் குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கும் சொட்டு மருந்தும் வாங்கியிருக்கிறேன். லேசாக மஞ்சள் காட்டினால் நிம்மதி. குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும். காட்டாத நாளிலும், மழைக்காலத்திலும் கொதி வந்து ஒரு நிமிஷம் விட்டு இறக்கி, காருகுறிச்சிப் பானையில் ஊற்றிவிடுவோம். டி.டி.எஸ். மீட்டர் இப்போது மேசை இழுப்பறையில் தூங்குகிறது. வாறுகால் கலந்த நாட்களிலும் அது 180-ஐத் தாண்டவில்லை.

மோட்டார் இல்லாததால் ஒரு குடம் நிறைய நாலு நிமிஷம் ஆகிறது. குளோரின் வாடை அடிக்கும் நாளில் ஆச்சி, "ஏல, இன்னைக்கு ஆஸ்பத்திரித் தண்ணியால்லா வருது" என்று முகத்தைச் சுளிப்பாள். குடத்தைத் திறந்து ஒரு மணி நேரம் வைத்துவிட்டுக் குடிப்பாள்.