பிளாஸ்டிக் இழையா, கண்ணாடி இழையா: மலைச்சரிவுக்கு எந்த சென்சர்?

இலங்கை மலைநாட்டில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் மாமா குடியிருக்கும் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடு) பின்னால் ஒரு பழைய கல் கட்டு நிற்கிறது. அதில் ஒரு வெடிப்பு. மழைக்கு மழை அது விரிகிறதா என்று பார்க்கத்தான் இந்த வேலையில் இறங்கினேன், ஏனென்றால் 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவில் லயங்கள் மண்ணுக்குள் போனதிலிருந்து எங்கள் பக்கம் வெடிப்பு என்றால் யாரும் சும்மா கடந்து போவதில்லை.

அளக்க வேண்டியது விகாரம், உயர்தரப் பௌதிகவியலில் படித்த அதே விகாரம்தான்: ஒரு பொருள் தன் நீளத்தில் எத்தனை பங்கு நீண்டது என்பது. கூடவே வெப்பநிலையும் வேண்டும், காரணம் பின்னால் வருகிறது.

முதலில் கைக்கு வந்தது உலோகத் தகட்டு விகாரமானி. ஒட்டிய இடம் நீண்டால் இதன் மின்தடை மாறும். 120 அல்லது 350 ஓம் தடை, விலை குறைவு. ஆயிரம் மைக்ரோ விகாரத்துக்கு, அதாவது ஒரு மீட்டர் ஒரு மில்லிமீட்டர் நீள்வதற்கு, தடை 0.2 சதவீதம்தான் மாறும் என்பதால் சிறு தடை மாற்றத்தைப் பிடிக்கும் வீட்ஸ்டன் பாலச் சுற்றும் பெருக்கியும் வேண்டும், அது பெரிய விஷயமில்லை. இரும்பு உத்தரத்தில் ஒட்டுவதானால் இன்றைக்கும் இதைத்தான் எடுப்பேன். ஆனால் ஈரம் ஊறும் கல் கட்டில் ஒட்டு நிற்காது, அப்புறம் சரிவு நெடுக இழுத்த செப்பு வயர் ஏப்ரலிலும் ஒக்டோபரிலும் அடிக்கிற இடிமின்னலை நேராக அளவீட்டுப் பெட்டிக்குள் கொண்டுவந்துவிடும். வெளிச்சம் கடத்தும் மெல்லிய நூலான ஒளியிழையில், அது கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ, கரண்ட் ஓடாது, அந்தப் பயமில்லை.

அடுத்தது கண்ணாடி இழையில் எழுதிய பிராக் கிரேட்டிங். இழையின் உள்ளே முறிவுச் சுட்டி (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) ஒழுங்கான இடைவெளியில் ஏறி இறங்கும்படி லேசரால் பதித்துவிட்டால், ஒரே ஒரு அலைநீளம் மட்டும் திரும்பி வரும். இழை நீண்டால் அந்த அலைநீளம் நகரும்: 1550 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு மைக்ரோ விகாரத்துக்கு சுமார் 1.2 பிகோமீட்டர், ஒரு பாகை வெப்பத்துக்கு சுமார் 10 பிகோமீட்டர். இங்கேதான் வெப்பநிலை குறுக்கே வருகிறது. ராத்திரி 10 பாகை, பகல் 20 பாகை என்றால் கட்டு அசையாமலே எண்பது மைக்ரோ விகாரம் நீண்டதாகக் காட்டும். பக்கத்திலேயே இழுபடாத இன்னொரு கிரேட்டிங் வைத்துக் கழித்தால் தீர்ந்தது. துல்லியத்தில் இதை அடிக்க ஆளில்லை. எனக்கு உதைத்தது இரண்டு விஷயம். ஒன்று, அலைநீளம் படிக்கும் கருவி இலட்சக்கணக்கில். மற்றது, சாதாரணமாகப் பயன்படுத்தும் கண்ணாடி இழையை ஒரு சதவீதத்துக்கு மேல் இழுக்க நம்ப முடியாது. ஒரு மீட்டர் இழையை வெடிப்பின் குறுக்கே ஒட்டினால் வெடிப்பு ஒரு சென்ரிமீட்டர் திறக்கும்போது, அதாவது ஆட்கள் உண்மையில் வீட்டைவிட்டு ஓட வேண்டிய நேரத்தில், சென்சர் செத்திருக்கும்.

சரி, அதே கிரேட்டிங்கை பிளாஸ்டிக்கில் எழுதினால்? 1999இல் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் செய்து காட்டினார்கள். பொருள் பி.எம்.எம்.ஏ., பெயர்ப்பலகைக்குப் பாவிக்கும் அதே அக்ரிலிக். ஒரு மைக்ரோ விகாரத்துக்கு நகர்வது கண்ணாடியைவிடக் கொஞ்சம்தான் கூட, அதனால் "உணர்திறன் பல மடங்கு" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். லாபம் வேறிடத்தில்: பல சதவீதம் இழுத்தாலும் அறாது, விறைப்பைச் சொல்லும் யங்கின் மட்டு கண்ணாடிக்கு சுமார் 70 கிகா பாஸ்கல் என்றால் இதற்கு 3தான். பழைய சுண்ணாம்புப் பூச்சில் விறைத்த இழையை ஒட்டினால் இழையே பூச்சைப் பிடித்து நிறுத்தும், மெத்தென்ற இழை அதோடு சேர்ந்து போகும்.

செய்வதுதான் பாடு. 325 நானோமீட்டர் ஹீலியம்-கட்மியம் லேசர் வேண்டும், அதிராத மேசை வேண்டும், பிளாஸ்டிக்கை இழையாக இழுத்தபோது உள்ளே உறைந்த இறுக்கம் போக எழுதுவதற்கு முன் 70, 80 பாகையில் மணிக்கணக்காக வாட்ட வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் சூட்டில் தானாகச் சுருங்கி அளவைக் கெடுக்கும். 1550இல் சென்ரிமீட்டருக்கு ஒரு டெசிபெல் அளவுக்கு, அதாவது ஐந்தில் ஒரு பங்கு, ஒளியைத் தின்பதால் சிறு துண்டு வெட்டிக் கண்ணாடி இழையோடு ஒட்ட வேண்டும். இத்தனைக்கும் மேலே ஈரம். பி.எம்.எம்.ஏ. தன் எடையில் சுமார் 2 சதவீதம் வரை நீர் குடித்து ஊதும், ஈரப்பதன் ஒரு சதவீதம் கூடினாலே அலைநீளம் பத்துக்கணக்கான பிகோமீட்டர் நகரும். வெப்பத்துக்கோ கண்ணாடிக்கு எதிர்த்திசையில் நகரும். காலையில் மூட்டம், பதினொரு மணிக்கு வெயில், மூன்று மணிக்கு மழை என்கிற ஊரில் எது சூடு, எது ஈரம், எது வெடிப்பு என்று எப்படிப் பிரிப்பது? டோபாஸ், ஸியோனெக்ஸ் போன்ற பிளாஸ்டிக்குகள் நீர் குடிப்பதில்லை என்றே சொல்லலாம், அதில் எழுதினால் நியாயம். ஆனால் அந்த இழை கடையில் கிடைக்கிற சாமானில்லை.

கடைசியில் நான் போனது மிகச் சாதாரண வழிக்கு. ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள பிளாஸ்டிக் இழை, ஒரு முனையில் சிவப்பு எல்.ஈ.டி., மறுமுனையில் வெளிச்சத்தை மின்சாரமாக்கும் ஒளி டயோட். அலைநீளம் எல்லாம் பார்ப்பதில்லை, வரும் வெளிச்சம் கூடுதா குறையுதா, அவ்வளவுதான். சவர பிளேட்டால் நடுவில் சில வெட்டுகள் போட்டால், இழை நீளும்போது வெட்டு திறந்து வெளிச்சம் ஒழுகும். முனைகளை நுண்ணிய மண்தாளில் தேய்க்கும் அரைமணி நேரத்தை மிச்சம் பிடிக்காதீர்கள், பாதி வெளிச்சம் அங்கேதான் வீணாகும். அசிட்டோனால் துடைக்கவே கூடாது, இழை கரையும்.

முதல் வாரமே மானம் போனது. ஒரு விடியற்காலை வாசிப்பு ஏறி நின்றது, அதாவது வெடிப்பு மூடுகிறது. மாமா பீலியில் முகம் கழுவிக்கொண்டே, "என்னா தம்பி, செவுரு தானா ஒட்டிக்கிச்சா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். வெட்டுக்குள் பனித்தண்ணி தேங்கியிருந்தது. காற்று இருந்த இடத்தில் நீர் வந்தால் முறிவுச் சுட்டி வித்தியாசம் குறைந்து வெளிச்சம் சுலபமாகத் தாண்டும், அவ்வளவுதான் கதை. பிறகு வெட்டுப் பகுதியை மெல்லிய சிலிக்கன் குழாய்க்குள் விட்டு இரு முனையும் அடைத்தேன். அதே மாதிரி வெட்டிய இன்னொரு இழையை, இழுபடாமல், பக்கத்திலேயே விட்டு, அதே எல்.ஈ.டி.யால் இரண்டுக்கும் வெளிச்சம் கொடுத்து விகிதத்தை மட்டும் எழுதினேன். எல்.ஈ.டி. மங்குவது, சூடு, ஈரம் எல்லாமே இரண்டுக்கும் பொது, பெரும்பாலும் கழிந்துபோகும். ஒரு மைக்ரோ விகாரம் இதில் தெரியாதுதான். வெடிப்புக்கு அது தேவையுமில்லை.

வெப்பநிலைக்கு மட்டும் பிளாஸ்டிக்கை எடுக்காதீர்கள். தேயிலை பெக்டரி ட்ரையருக்குள் போகும் காற்று 90 பாகையைத் தாண்டும், பி.எம்.எம்.ஏ. 80, 85க்கு மேல் தாங்காது, அங்கே இரண்டு உலோகக் கம்பிகளைச் சேர்த்த வெப்பவிணைதான் சரி. கொழுந்து வாட்டும் இடத்தில் வேண்டுமானால் பி.எம்.எம்.ஏ.யின் ஈரம் குடிக்கும் குணமே உதவலாம், நான் இன்னும் வைத்துப் பார்க்கவில்லை.

தூரத்தையும் கணக்கில் எடுங்கள். சிவப்பு வெளிச்சத்துக்கு இந்த இழையில் மீட்டருக்கு 0.15 டெசிபெல் போகும், நூறு மீட்டர் போனால் முப்பதில் ஒரு பங்குதான் மிஞ்சும். எங்கள் கட்டுக்கு எட்டு மீட்டர் போதும், பெட்டி மாமாவின் காம்பராவுக்குள் இருக்கிறது. முழுச் சரிவையும் அளக்க வேண்டுமென்றால் கண்ணாடி இழைக்கே திரும்ப வேண்டும், அந்தக் கருவிக்குக் காசு போடுகிற ஆளையும் தேட வேண்டும்.