எங்கே கூட்டிப்போவது: ஆலோசகரா, பலதுறை மருந்தகமா, மனநலக் கழகமா?

வீட்டில் ஒருவருக்கு மனம் சரியில்லை என்று தெரிந்தால் நம் சிங்கப்பூர்க் குடும்பங்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கின்றன. "சனிப்பெயர்ச்சி முடியட்டும், சரியாகிவிடும்" என்று தள்ளிப்போடுவது. அல்லது முற்றிய பிறகு நள்ளிரவில் புவாங்கோக்கில் இருக்கும் மனநலக் கழகத்துக்கு ஓடுவது. இடையிலுள்ள படிகள் பலர் கண்ணில் படுவதே இல்லை. 2023 அக்டோபரில் வெளியான தேசிய மனநல உத்தி, பராமரிப்பை நான்கு அடுக்குகளாகப் பிரிக்கிறது. எந்த அடுக்கு என்று முடிவுசெய்ய நோயின் பெயர் மட்டும் போதாது. தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா, வேலைக்குப் போகிறாரா, உயிருக்கு ஆபத்து உண்டா என்று பாருங்கள்.

ஆலோசகரா, பலதுறை மருந்தகமா?

கடன், மணமுறிவு, துக்கம் என்று காரணம் கண்ணுக்குத் தெரிகிறது, அன்றாட வேலைகளும் ஓடுகின்றன என்றால் குடும்பச் சேவை நிலையமோ சிண்டாவோ (சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கம்) நல்ல தொடக்கம். மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் தேவையில்லை. தமிழில் பேசும் ஆலோசகர் வேண்டும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். ஆனால் ஆலோசகர் மருந்து எழுதித் தர முடியாது, ரத்தப் பரிசோதனையும் செய்ய முடியாது.

அங்கேதான் அரசின் பலதுறை மருந்தகம் (பாலிகிளினிக்) ஒரு படி மேல். நம் பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்று லேசில் சொல்வதில்லை. "நெஞ்சு படபடங்குது, உடம்பெல்லாம் எரியுது" என்பார்கள். தைராய்டு கோளாறும், சைவ உணவுக்காரர்களிடம் அதிகம் காணப்படும் பி12 குறைபாடும்கூட மனச்சோர்வைப் போலவே தோன்றலாம். அதைப் பிரித்தறியாமல் மாதக்கணக்கில் ஆலோசனைக்கு மட்டும் போவது வீண்.

மனச்சோர்வை அளக்க மருத்துவர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஒரு படிவத்தில் ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரம் எப்படி இருந்தீர்கள் என்பதற்கு 0 முதல் 27 வரை மதிப்பெண். 10ஐத் தொட்டால் கவனம் தேவை, 20ஐத் தொட்டால் கடுமை. ஒன்பதாவது கேள்வி, செத்துப்போனால் தேவலை என்றோ தன்னைக் காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ தோன்றியதா என்பது. அம்மாவுக்காக மகள் மொழிபெயர்க்கும்போது இதை மென்று விழுங்கிவிட்டு, "அதெல்லாம் இல்லை டாக்டர்" என்று தானே பதில் சொல்லிவிடுவது உண்டு. அப்படிச் செய்யவே கூடாது. கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை; கேட்காவிட்டால் தவறான அடுக்கில் மாட்டிக்கொள்வோம்.

பொது மருத்துவமனையா, மனநலக் கழகமா?

பலதுறை மருந்தகத்தின் கடிதத்தோடு போனால் நிபுணரை உதவித்தொகைக் கட்டணத்தில் பார்க்கலாம். தனியார் நிபுணரிடம் வழக்கமாகச் சீக்கிரம் இடம் கிடைக்கும், செலவோ பல மடங்கு. மனச்சோர்வு, மனப்பதற்றம், இருதுருவக் கோளாறு, மனச்சிதைவு ஆகிய நான்குக்கும் மெடிசேவ் எனும் மருத்துவச் சேமிப்புக் கணக்கைப் பயன்படுத்தலாம். 2021இல் வந்த வரம்புப்படி ஆண்டுக்கு 500 வெள்ளி, சிக்கலான நிலைக்கு 700.

நீரிழிவு, இதயநோயும் சேர்ந்திருந்தால் பொது மருத்துவமனை வசதி. பிரசவத்துக்குப் பிந்திய சோர்வுக்கு கேகே மகளிர், சிறுவர் மருத்துவமனை. குரல்கள் கேட்கின்றன, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று ஓர் இளைஞர் சொல்லத் தொடங்கினால் நான் தயங்காமல் மனநலக் கழகத்தைத்தான் சொல்வேன். இத்தகைய நிலையின் தொடக்ககாலச் சிகிச்சைக்கென்றே 2001 முதல் அங்கே தனித்திட்டம் இருக்கிறது. தாமதம் கூடக்கூட மீள்வது கடினமாகும். கோயிலுக்குப் போங்கள், அர்ச்சனை செய்யுங்கள். அதே வாரத்தில் மருத்துவரையும் பாருங்கள்.

மனநலக் கழகத்தின் பழைய பெயரான "உட்பிரிட்ஜ்" என்பதோடு ஒட்டிய அச்சம் இன்னும் விடவில்லை. அந்தப் பழைய மருத்துவமனை 1993இலேயே புவாங்கோக்குக்கு இடம்மாறிவிட்டது. வெளிநோயாளியாகப் போகிறவர் பார்த்துவிட்டு வீட்டுக்குத்தான் திரும்புகிறார். விருப்பமில்லாதவரை வைத்திருப்பதற்கும் 2008ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு விதிக்கிறது: முதலில் 72 மணி நேரம், தொடர்ந்தால் ஒரு மாதம், பிறகு ஆறு மாதம், ஒவ்வொரு கட்டத்திலும் மருத்துவர்கள் மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.

அவசரம் என்றால்

தற்கொலைத் திட்டம் இருக்கிறது, பிறரைத் தாக்கும் நிலை என்றால் கடிதத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். மனநலக் கழகத்தின் அவசரப் பிரிவு 24 மணி நேரமும் திறந்திருக்கும். ஆனால் மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கிவிட்டாலோ காயம் இருந்தாலோ ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். முதலில் பொது மருத்துவமனைதான். முதியவர் திடீரென்று ஆள் அடையாளம் தெரியாமல் பிதற்றினாலும் அப்படியே, சிறுநீர்த் தொற்றே காரணமாக இருக்கலாம். தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் குற்றமல்ல. போலீசுக்குப் பயந்து எதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

எந்த அடுக்கு என்றே புரியாவிட்டால் தேசிய மனநல உதவி எண் 1771ஐ அழைத்துக் கேட்கலாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தோடு போராடுகிறவருக்கு 1767. தங்கும் விடுதியில் இருக்கும் வெளிநாட்டு ஊழியத் தம்பிகளுக்கு ஹெல்த்சர்வ் தொண்டு அமைப்பின் எண் 3129 5000.

மேலே ஏறிய படியில் கீழே இறங்குவதும் சிகிச்சையில் ஒரு பகுதி, அதைத்தான் குடும்பங்கள் கோட்டை விடுகின்றன. மருத்துவமனையிலிருந்து வந்த முதல் சில வாரங்களில்தான் ஆபத்து அதிகம். வார்டை விட்டுக் கிளம்புமுன் மூன்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்: அடுத்த சந்திப்பு எந்தத் தேதி, எந்த மாத்திரை எத்தனை நாளுக்கு, வீட்டருகே எந்தச் சமூக மனநலக் குழு பொறுப்பெடுக்கும்.